கோப்புச் சேவையகத்தின் எழுதும் வேகத்தை அளப்பது எப்படி?

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், தொலைக்காட்சி மேசைக்கு அடியில், நான்கு ஹார்ட் டிஸ்குகளை ரெய்டு 5 முறையில் (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி எல்லா டிஸ்குகளிலும் பிரித்து எழுதும் முறை) இணைத்த சிறிய கோப்புச் சேவையகம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கையின் திருமணக் காணொளிகளை, மொத்தம் 40 ஜிகாபைட், மடிக்கணினியிலிருந்து அதற்கு மாற்றியபோது, விநாடிக்கு 280 மெகாபைட் என்று தொடங்கிய வேகம் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் 150க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. இவற்றில் எது அந்தப் பெட்டியின் உண்மையான எழுதும் வேகம்? வலைப்பின்னல், ரேம், டிஸ்க் என ஒவ்வோர் அடுக்கையும் தனியே அளந்தால்தான் பதில் கிடைக்கும்.

முதல் படியாக, டிஸ்குகள் நலமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழுதான டிஸ்கை மாற்றிய பிறகு தொகுப்பு தன்னைத்தானே மறுகட்டமைத்துக்கொண்டிருந்தால், அது முடியும்வரை எந்த அளவீடும் வீண்.

இரண்டாவதாக, வலைப்பின்னலை மட்டும் அளக்க வேண்டும். ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரலைச் சேவையகத்தில் சர்வர் நிலையிலும், மடிக்கணினியில் கிளையண்ட் நிலையிலும் இயக்கினால், டிஸ்கைத் தொடாமலே கம்பியின் வேகம் தெரிந்துவிடும். நிரல் பிட்டில் சொல்லும். கோப்பு நகலெடுக்கும் திரை பைட்டில் சொல்லும். ஆகவே 8ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 1 ஜிகாபிட் இணைப்பின் கோட்பாட்டு உச்சம் 125 மெகாபைட். நடைமுறையில் 110 முதல் 118 வரை கிடைக்கும். என் வீட்டில் இருப்பது 2.5 ஜிகாபிட் இணைப்பு என்பதால், தொடக்கத்தில் தெரிந்த 280 என்பது கம்பியின் வேகமே தவிர டிஸ்கின் வேகம் அன்று.

மூன்றாவது படியில்தான் தொடக்கநிலையினர் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். வந்த தரவை, சேவையகத்தை இயக்கும் லினக்ஸ் இயங்குதளம் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக டிஸ்கில் எழுதும். அந்த இடம் நிரம்பும்வரை வேகம் பொய்யாகவே உயர்ந்திருக்கும். எனவே சோதனைக் கோப்பு சேவையகத்தின் ரேமைப் போல் குறைந்தது இரு மடங்கு இருக்கட்டும். 8 ஜிகாபைட் ரேமுக்கு 16 ஜிகாபைட் கோப்பு. ஃபியோ என்ற நிரலில் தொடர் எழுதலைத் (வரிசையாக எழுதுவதைத்) தேர்ந்து, ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவை 1 மெகாபைட்டாக வைத்து, முடிவில் எல்லாம் டிஸ்கில் இறங்கியதை உறுதிசெய்யும் தெரிவையும் இயக்குங்கள். வெறும் பூஜ்ஜியங்களை எழுதிச் சோதிக்காதீர்கள்: தரவைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு முறைமையாக இருந்தால், பூஜ்ஜியங்கள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கி, நம்பமுடியாத எண்ணைக் காட்டும். இன்னொன்று, மிக முக்கியம்: சோதனையை ஒரு கோப்பின்மீது நடத்துங்கள், டிஸ்க் சாதனத்தின் பெயரைத் தவறியும் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும்.

நான்காவதாக, சிதறிய சிறு எழுதல். துண்டை 4 கிலோபைட்டாகக் குறைத்து, எழுதும் இடத்தையும் ஒழுங்கின்றி மாற்றச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கிறது. படித்து எழுதும் தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் விநாடிக்குச் சுமார் 80 செயல்களே (ஒரு முறை படிப்பதோ எழுதுவதோ ஒரு செயல்) இயலும். ரெய்டு 5இல் ஒரு சிறு எழுதலுக்குப் பழைய தரவைப் படித்து, பழைய சமநிலைத் தகவலைப் (பழுதான டிஸ்கின் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவலைப்) படித்து, பிறகு புதியவை இரண்டையும் எழுத வேண்டும்; ஆக நான்கு செயல்கள். நான்கு டிஸ்குகளின் 320 செயல்களை நான்கால் வகுத்தால் 80 எழுதல்கள், அதாவது விநாடிக்கு 320 கிலோபைட்! ரேம் ஓரளவு கைகொடுக்கும் என்றாலும், காணொளிக்குப் போதுமான பெட்டி கணக்குவழக்குத் தரவுத்தளத்துக்குத் திணறுவது இதனால்தான். தரவை இரண்டு டிஸ்குகளில் அப்படியே இரட்டித்து வைக்கும் ரெய்டு 10இல் அதே எழுதலுக்கு இரண்டு செயல்கள் போதும்.

ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை, வீட்டில் வேறு யாரும் சேவையகத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் செய்து, நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, வலைப்பின்னல் குறுக்கிடாதபடி, மூன்றாம் படியின் சோதனையைச் சேவையகத்திலேயே நேரடியாக ஓட்டுங்கள். எனக்கு அங்கும் 155தான் கிடைத்தது; ஆக, தடை டிஸ்குகளில்தான், வலைப்பின்னலில் இல்லை. அதனால், சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் விலை கேட்டு வைத்திருந்த 10 ஜிகாபிட் வலைப்பின்னல் சுவிட்சை நான் வாங்கவில்லை.