நடுக்கடலில் ஒரு நகைத் திருட்டு: துப்பறியும் காதல் கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு

சொகுசுக் கப்பலில் துப்பறியும் கதை என்றதும் பலரும் முதலில் ஒரு பிணத்தைத் தேடுவார்கள். அதை விடுங்கள். துப்பறிகிறவர் சோற்றுக்கு என்ன வேலை பார்க்கிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். போலீஸ் அல்லாத ஒருவர் மற்றவர்கள் கண்ணில் படாததைக் கண்டுபிடித்தால், அது அவருடைய தொழில் பழக்கிய கண்ணாக இருக்க வேண்டும்.

படி 1: ஆள்

உதாரணத்துக்குச் செல்வி. தண்டையார்பேட்டைக்காரர், வயது நாற்பதை நெருங்குகிறது, கல்யாணம் ஆகவில்லை. வங்கியில் நகைக்கடனுக்கு வரும் நகைகளை உரசிப் பார்த்து மதிப்புப் போடுகிறவர். "ஒரு தடவையாவது போய்ட்டு வாக்கா" என்று தம்பி சீட்டுப் பணத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான்.

படி 2: பாதை

பாதையைக் கற்பனை செய்ய வேண்டாம். 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை அதன் நிறுத்தங்கள். உங்கள் கப்பலுக்கு வேறு பெயர் வைத்து, இந்த ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். நடுக்கடலுக்குப் போய்விட்டால், கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம். ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்க மாட்டார். கப்பல் துறைமுகத்தைத் தொட்டதும் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அதற்குள் செல்வி கண்டுபிடிக்க வேண்டும். கெடு தானாகவே அமைந்துவிட்டது.

படி 3: குற்றம்

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இன்றைய கப்பலில் அறைச் சாவி ஓர் அட்டை. கதவு எப்போது, எந்த அட்டையால் திறந்தது என்பது பதிவாகும், நடைவழியெல்லாம் கேமரா. கறுப்பு உருவம் ஒன்று அறைக்குள் நுழைந்தது என்று எழுதினால் வாசகர் சிரிப்பார். பதிவை ஏமாற்றப் பார்க்காதீர்கள். அந்த அறைக்குள் யார் போனால் சந்தேகமே வராதோ, அவரையே குற்றவாளி ஆக்குங்கள்.

நம் கதையில் அது நகைக்குச் சொந்தக்காரியேதான். வெளிநாட்டுக்கு நகை கொண்டுபோகிறவர்கள், திரும்பும்போது வரித் தகராறு வராமலிருக்கச் சுங்கத்தில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். இந்த அம்மா அசல் அட்டிகையைக் காட்டி அதை வாங்குகிறார். கப்பலில் போட்டுக்கொள்வதோ அதே அச்சில் செய்த பழைய கவரிங். மறுநாள் இரவு கவரிங் கடலுக்குள் போகிறது, "ஐயோ, காணோம்" என்று கூச்சல். காப்பீட்டுப் பணத்துக்குச் சான்றிதழே சாட்சி.

படி 4: தடயத்தை ஒளிப்பது

செம்பின்மேல் பூசிய முலாம் தேய்ந்தால், வேர்வை பட்டுத் தோலில் பச்சை இறங்கும். 91.6 சதவீதம் தங்கம் உள்ள 22 காரட் நகை அப்படிச் செய்யாது. செல்விக்கு இது போதும். ஆனால் வாசகருக்கு உடனே உறைக்கக்கூடாது. மூன்று சங்கதிகளுக்கு நடுவில் செருகிவிடுங்கள்:

"புளியோதரையில் புளியே இல்லை என்று சலித்துக்கொண்ட அந்த அம்மா, வெள்ளைக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, அதில் ஒட்டிய பச்சையைப் பார்த்ததும் மடித்துப் பையில் வைத்தார். அதற்குள் பேரன் ஐஸ்கிரீமைச் செல்வியின் புடவையில் கொட்டியிருந்தான்."

வாசகர் புடவையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படி 5: காதல்

நிலா, மேல்தளம், பறக்கும் துப்பட்டா எதுவும் வேண்டாம். கதவுப் பதிவை வைத்திருப்பவரையே காதலன் ஆக்குங்கள்: பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்யும் தூத்துக்குடிக்காரர், மனைவியை இழந்தவர். பயணிகளோடு நெருங்கிப் பழகும் ஊழியரைப் பல கப்பல் நிறுவனங்கள் வேலையை விட்டே அனுப்பிவிடும்.

"அந்தம்மா ரூம் கதவு ராத்திரி எப்பெப்ப திறந்துச்சு, அது மட்டும் சொல்லுங்க சார்."

"சொன்னா அடுத்த துறைமுகத்துல என்னை இறக்கிவிட்ருவாங்க மேடம்."

சொல்லிவிட்டு அவர் எழுந்து போகவில்லை. அத்தியாயத்தை இங்கே முடியுங்கள். காதலை நீக்கினாலும் துப்பு நகர்கிறது என்றால், என்னைக் கேட்டால், அந்தக் காதலே தேவையில்லை.

படி 6: நேரம்

கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். அப்புறம் ஒரு தாளில் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று கட்டம் போட்டு, கதவுப் பதிவோடு ஒத்துப்பாருங்கள். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தைத் திருப்பும் வேலை இல்லை.