ஜின்செங் வேரை லிங்ஜி காளானால் நொதிக்க வைத்தல்: ஆய்வக மாணவர்களுக்கான செய்முறை

ஜின்செங் வேரில் மிகுதியாக உள்ள ஆர்.பி.1 என்னும் சப்போனினோடு (சப்போனின் என்பது தாவரங்களில் காணப்படும், சர்க்கரை இணைந்த ஒரு வகை வேதிப்பொருள்) நான்கு குளுக்கோஸ் அலகுகள் இணைந்திருப்பதால், அது குடலிலிருந்து இரத்தத்தில் எளிதில் கலப்பதில்லை. அவற்றில் மூன்று நீங்கினால் கிடைக்கும் காம்பவுண்ட் கே, வேரில் இயல்பாகக் காணப்படாத பொருள். ஆய்வகத்தில் வளர்க்கும் புற்றுச் செல்களை அது ஆர்.பி.1-ஐ விடக் குறைந்த செறிவிலேயே தடுப்பது. அந்தக் குளுக்கோஸை அறுக்கும் பீட்டா-குளுக்கோசிடேஸ் நொதியைப் பூஞ்சைகள் சுரக்கின்றன என்பதால்தான், சீனாவில் லிங்ஜி என்றும் ஜப்பானில் ரெய்ஷி என்றும் வழங்கும் கானோடெர்மா காளானை மூலிகைப் பொடியின் மீதே வளர்த்துப் பார்க்கிறார்கள்.

உலர்ந்த வேரை ரவைப் பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் ஈரம் பட்டதும் களிபோல இறுகி, பூஞ்சைக்குக் காற்று கிடைக்காது. 250 மி.லி. கூம்புக் குடுவையில் 20 கிராம் பொடியையும் 30 மி.லி. நீரையும் கலந்து, பஞ்சடைப்பு இட்டு, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் நீர் சொட்டக் கூடாது. இந்தப் பதத்தை முன்கூட்டியே தனியாக ஒரு பிடி நனைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆறிய பிறகு, உருளைக்கிழங்கு அகார் என்னும் வளர்ப்புக் கூழில் ஒரு வாரம் வளர்ந்த லிங்ஜியிலிருந்து நான்கைந்து சிறு வட்டுகளை வெட்டி, வடிகட்டிய காற்று வீசும் லேமினார் பெட்டிக்குள் சுடர் அருகில் இட்டு, 25 முதல் 28 டிகிரியில் இருட்டில் வையுங்கள். முதலில் வட்டின் விளிம்பிலிருந்து நூலிழைபோல வெண்மை கிளம்பும்; பின்னர் பொடியின் ஒவ்வொரு மணியையும் பின்னிக்கொண்டு, குடுவையைச் சாய்த்தாலும் அசையாத ஒரே கட்டியாகிவிடும். பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தக் குடுவையைத் திறக்காமலே ஆட்டோகிளேவில் வைத்து அழித்துவிடுங்கள். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை உருவாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றை உண்டாக்குவது. புற்றுக்கு மருந்து தேடும் குடுவையிலேயே அது வளர்ந்துவிடலாம் என்ற அச்சம் எப்போதும் இருக்க வேண்டும். வீட்டில் இதைச் செய்யவே கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கும் அதுவே காரணம்.

ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரு குடுவையை எடுத்து, 50 டிகிரியில் உலர்த்தி, 70 விழுக்காடு எத்தனாலில் சாறெடுத்து, சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு முகடாக வரைந்து காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் 203 நானோமீட்டரில் பாருங்கள். ஆர்.பி.1-இன் முகடு தாழ்ந்து புதிய முகடுகள் எழுகின்றனவா என்பதே கேள்வி. எல்லா லிங்ஜி வகைகளும் காம்பவுண்ட் கே வரை போய்விடுவதில்லை. சில, இரண்டொரு குளுக்கோஸை மட்டும் அறுத்துவிட்டு நின்றுவிடும்.

பெரும்பாலான ஆய்வேடுகள் தடுமாறும் இடம் ஒப்பீட்டுக் குடுவைகள்தான். வேரை அவித்தாலே சில சப்போனின்கள் ஆர்.ஜி.3 என்னும் வேறொன்றாக மாறும். சிவப்பு ஜின்செங் அப்படித்தான் உருவாகிறது. ஆகவே ஆட்டோகிளேவில் வைத்துப் பூஞ்சை இடாத குடுவை ஒன்று, அதே நாட்கள், அதே வெப்பநிலையில் கூடவே இருந்தாக வேண்டும். லிங்ஜியிலும் புற்றுச் செல்லைத் தடுக்கக்கூடிய கானோடெரிக் அமிலங்கள் உள்ளன என்பதால், மூலிகை இல்லாமல் வெறும் தானியத்தில் வளர்ந்த பூஞ்சையும் தேவை. இந்த இரண்டும் இல்லாமல் "நொதித்தல் வீரியத்தைக் கூட்டியது" என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

சாறு புற்றுச் செல்லைத் தடுக்கிறதா என்று பார்க்கும் செல் சோதனையில், உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றும் எம்.டி.டி. சாயத்தைப் பயன்படுத்தினால், செல்லே இல்லாத குழிகளிலும் சாற்றைச் சேர்த்து 570 நானோமீட்டரில் அளவெடுங்கள். தாவரப் பாலிஃபீனால்கள் தாமே அந்தச் சாயத்தை ஊதா நிறமாக்கி, இறந்த செல்லையும் உயிருள்ளதாகக் காட்டும். சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பான் குழியில் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. புற்றுச் செல்லோடு இயல்பான செல் ஒன்றையும் வைத்து, இரண்டையும் பாதியாகக் குறைக்கும் செறிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், கையில் இருப்பது நஞ்சு என்றே பதிவு செய்ய வேண்டும்.

இந்தப் பொடியைச் சிகிச்சையில் இருக்கும் எவருக்கும் கொடுக்காதீர்கள், அவர்கள் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும். ஜின்செங், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் செயலைக் குறைக்கக்கூடியது. நொதித்த ஜின்செங் வேறு எந்த மருந்தோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தட்டில் வளர்ந்த செல் நமக்குச் சொல்லாது.