அமெரிக்காவில் டிராஃபிக் டிக்கெட்டும் கேஸும் ரெக்கார்டில் எத்தனை வருஷம் இருக்கும்?

போலீஸ் டிக்கெட் கொடுத்ததும் எல்லாரும் கேட்பது இதைத்தான். எந்த ரெக்கார்டு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். டிஎம்வியில் (லைசென்ஸ் கொடுக்கும் மாநில அலுவலகம்) இருக்கும் டிரைவிங் ரெக்கார்டு வேறு, கோர்ட்டில் இருக்கும் கிரிமினல் ரெக்கார்டு வேறு. ஒன்றில் காலாவதியானது இன்னொன்றில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

டிரைவிங் ரெக்கார்டு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் 3 வருஷம், குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் 10 வருஷம். டிராஃபிக் ஸ்கூல் போனால் ஒரு பாயின்ட் (தப்புக்கு டிஎம்வி போடும் கறுப்புப் புள்ளி) டிக்கெட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கண்ணில் படாமல் மறைக்கலாம், ஆனால் 18 மாதத்துக்கு ஒரு முறைதான், ஃபைனையும் கட்டியே ஆகவேண்டும்.

வர்ஜீனியா கதையே வேறு. லிமிட்டைவிட 20 மைல் கூடுதலாகப் போனாலோ, லிமிட் என்னவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலோ அது ரெக்லெஸ் டிரைவிங், அதாவது கண்மூடித்தனமாக ஓட்டியது; கையில் தருவது என்னவோ சாதாரண டிக்கெட் மாதிரி ஒரு காகிதம்தான், ஓட்டியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், ஆனால் அது மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றம். பாயின்ட் 2 வருஷத்தில் கழிந்துவிடும், டிரைவிங் ரெக்கார்டில் 11 வருஷம் நிற்கும், கோர்ட் ரெக்கார்டு இந்த வருஷக் கணக்கில் கழியாது. அதனால் கோர்ட் தேதிக்கு முன்பே வக்கீலைப் பிடியுங்கள். குற்றச்சாட்டை இம்ப்ராப்பர் டிரைவிங் (முறையில்லாமல் ஓட்டியது) என்று குறைத்துவிட்டால் கிரிமினல் என்ற பேச்சே இல்லை, 3 வருஷத்தோடு போய்விடும்.

அப்புறம் வேலைக்கான பேக்ரவுண்ட் செக். கைதாகித் தண்டனை இல்லாமல் முடிந்த கேஸை 7 வருஷத்துக்கு மேல் காட்டக்கூடாது என்கிறது ஃபெடரல் சட்டம். சம்பளம் 75,000 டாலரோ அதற்கு மேலோ என்றால் அந்தக் காப்பு கிடையாது, ஆகவே ஐடிக்காரர்கள் பலருக்கு இது பேருக்குத்தான். தண்டனையாகிவிட்டால் ஃபெடரல் சட்டத்தில் வரம்பே இல்லை. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் அதற்கும் 7 வருஷம் என்று வைத்திருக்கின்றன.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: கோர்ட்டில் எக்ஸ்பஞ்ச் செய்த, அதாவது ரெக்கார்டிலிருந்து நீக்கிய தண்டனையும் குடியேற்றத் துறைக்குப் பொதுவாகத் தண்டனைதான். குடியுரிமை விண்ணப்பத்தில் அதை மறைத்தால் கேஸைவிட மறைத்ததுதான் பெரிய தலைவலியாகும். கேஸ் முடிந்த கையோடு கோர்ட் கிளார்க்கிடம் முத்திரையிட்ட டிஸ்போசிஷன் (கேஸ் எப்படி முடிந்தது என்று காட்டும் ஆவணம்) நகல் வாங்கி வையுங்கள்.

இப்போது உங்கள் பேரில் என்ன இருக்கிறது என்று பார்க்க, டிரைவிங் ரெக்கார்டை டிஎம்வி தளத்திலேயே காசு கட்டி எடுக்கலாம். கிரிமினல் பக்கத்துக்கு எஃப்பிஐக்குக் கைரேகையும் 18 டாலரும் அனுப்பினால் அறிக்கை வரும். பேக்ரவுண்ட் ரிப்போர்ட்டில் தப்பு இருந்தால் அந்தக் கம்பெனிக்கே எழுத்தில் டிஸ்பியூட் போடுங்கள், பொதுவாக 30 நாளில் விசாரித்துத் திருத்தியாக வேண்டும்.