நகர ஊழியத்துக்கு மாணவரை அனுப்பும்போது நாம் செய்யும் தவறுகள்

இறையியல் மாணவர்களின் களப்பணி அறிக்கைகளைத் திருத்தும்போது ஒரு வரி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும்: "ஆறு வீடுகளைச் சந்தித்தேன். எல்லோருக்காகவும் ஜெபித்தேன்." கதவைத் திறந்தது யார், உட்காரச் சொன்னார்களா, என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஓர் எபிரெயச் சொல்லின் வேரைத் தேட அவரை மூன்று ஆண்டுகள் பழக்கியிருக்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் சொன்னதைக் கேட்கப் பழக்கவில்லை.

உலக மக்களில் 55 சதவீதத்தினர் நகரங்களில் வாழ்வதாக 2018-இல் ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. 2050-இல் இது 68 சதவீதமாகும் என்பது அதன் அப்போதைய மதிப்பீடு. இன்று படிக்கும் மாணவர்களில் பலர், ஒரே மாடிப்படியில் நான்கு மொழிகள் ஏறி இறங்கும் இடங்களில்தான் ஆயராக இருக்கப் போகிறார்கள். அப்படியிருந்தும் நகர ஊழியம் பல பாடத்திட்டங்களில் கடைசி ஆண்டின் விருப்பப் பாடமாகவே கிடக்கிறது. அதோடு ஒரு வாரம் ஏழைக் குடியிருப்புகளைச் சுற்றிக்காட்டி, படம் எடுத்துத் திரும்பினால் பயிற்சி முடிந்தது. அந்த ஒரு வாரம் மாணவருக்குப் பரிதாபத்தைக் கற்றுக்கொடுக்கும். ஊழியத்தைக் கற்றுக்கொடுக்காது. முதலாண்டிலேயே தொடங்கி, ஒரே பகுதியில் குறைந்தது ஓராண்டாவது அவர் இருக்க வேண்டும்.

கேட்கப் பழக்குவதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே உண்டு. 1925-இல் அன்டன் பாய்சன் என்ற அமெரிக்க போதகர், இறையியல் மாணவர்களை வூஸ்டர் நகர மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அவரே முன்பு மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். நூல்களைப் படிக்கும் அதே கவனத்தோடு மனிதர்களையும் படிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மருத்துவமனைகளில் அளிக்கப்படும் ஆயர்பணிப் பயிற்சி அங்கிருந்து வளர்ந்தது. அந்தப் பயிற்சியில் மாணவர் ஓர் உரையாடலை நினைவில் இருந்து சொல்லுக்குச் சொல் எழுதிக் கொண்டுவருவார். வகுப்பில் அதைப் படிப்பார்கள். எனக்கு வந்த ஒன்று இப்படி இருந்தது:

"இரவு வேலை முடிந்து வந்தால் தூக்கம் வருவதில்லை, ஐயா. அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் வேறு முடிகிறது."

"கவலைப்படாதீர்கள் அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார். ஜெபிக்கலாமா?"

"சரி, ஐயா."

அந்த அம்மாவின் வரிகளை வேறொரு மாணவி வாசித்தார். "சரி, ஐயா" என்ற இடத்தில் அவர் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அறிக்கையை எழுதிய மாணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஒப்பந்தம் முடிந்தால் எங்கே போவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பேச்சு தொடர்ந்திருக்கும். ஜெபமும் அந்த வீட்டைப் பற்றியதாகவே இருந்திருக்கும். கேள்விக்குப் பதில் வந்தபின் என்ன செய்வது என்பதும் பயிற்சியில் சேர வேண்டும். வாடகைச் சட்டத்தின் அடிப்படை, இலவச சட்ட உதவி கிடைக்கும் இடம், மருத்துவமனைச் சமூகப் பணியாளரை அணுகும் முறை ஆகியவை நகரத்து ஆயருக்குப் பிரசங்கக் கலைக்கு இணையாகத் தேவை.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் நடக்கும் தவறு என்னை மிகவும் வருத்துவது. புதிதாகக் குடியேறிய குடும்பத்தைச் சந்திக்கப் போகும் மாணவர், அந்த வீட்டில் நகரத்து மொழி பேசத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துவிடுகிறார். தாய் தன் கருச்சிதைவைப் பற்றிச் சொல்கிறாள்; அதை மகள் மொழிபெயர்க்கிறாள். அந்தக் குழந்தையின் தோளில் நாம் என்ன ஏற்றுகிறோம் என்று யோசிக்க வேண்டாமா? தாயும் மகளுக்குத் தெரியக்கூடாததை விழுங்கிவிடுவாள். பெரியவர் ஒருவரை, கூடுமானால் அதே உறவு வட்டத்தில் இல்லாதவரை, உடன் அழைத்துப்போகச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பிலேயே மொழிபெயர்ப்பாளரோடு பேசிப் பழகட்டும். சிறு வாக்கியங்கள் பேசுவது, மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் பேசுபவரின் முகத்தைப் பார்ப்பது எல்லாம் பயிற்சியில்தான் வரும்.

பண்பாட்டைப் பட்டியலாகக் கற்பிப்பது இன்னொரு தவறு. "இவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், அவர்கள் நேரம் தவறமாட்டார்கள்" என்ற குறிப்புகளோடு போகிறவர், தன் குறிப்பையே பார்த்துத் திரும்புவார். வகுப்பில் உள்ள சிறுபான்மை மாணவரை எழுப்பி "உங்கள் மக்கள் எப்படி?" என்று கேட்கும் பழக்கமும் நிற்க வேண்டும். அவரும் கற்கத்தான் வந்திருக்கிறார்.

பன்மொழி ஆராதனையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஒரு பாடலின் ஒரு சரணத்தை வேறு மொழியில் பாடியதும் பல்பண்பாட்டுச் சபை ஆகிவிட்டதாக மாணவர்கள் மகிழ்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை அவர்களோடு பொறுமையாகப் படியுங்கள். எருசலேமின் முதல் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டார்கள். முறையீடு எழுந்தது. பந்தி விசாரிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்ட தரப்பிடமே பங்கீட்டின் பொறுப்பு போனதாகத் தெரிகிறது. ஆகவே மாணவர் கேட்க வேண்டியது, சபையின் கணக்குப் புத்தகம் யார் கையில், குழுக் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது என்பதுதான்.

இனம், மொழி, வர்க்க எல்லைகளைத் தாண்டாமலே கிறிஸ்தவராக மக்கள் விரும்புகிறார்கள் என்று, சபை வளர்ச்சியை ஆராய்ந்த மிஷனரி டொனால்ட் மெக்காவ்ரன் சொன்னது பலரை ஒருமொழிச் சபைகளின் பக்கம் தள்ளியது. தாய்மொழியில் ஜெபிக்க ஏங்கும் முதியவரைப் பார்த்தவர் அதை எளிதில் தள்ளிவிடமுடியாது. எனக்கும் அத்தகைய கூடுகைகள் வேண்டும். ஆனால் அதையே சபையின் எல்லையாக வைத்துவிட்டால், அந்த முதியவரின் பேத்திக்கு அங்கே இடமிருக்காது. அவள் கனவு காண்பது வேறு மொழியில். இரண்டாம் தலைமுறையைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லாத பாடத்திட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண் போடுவதிலும் தவறு செய்கிறோம். களப்பணியைக் கல்லூரி ஆசிரியர் மட்டும் மதிப்பிடுகிறார். மாணவர் யாருக்காக அனுப்பப்பட்டாரோ அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஒரு தாளில் மூன்று கேள்விகளை அவர்கள் மொழியிலேயே எழுதிக் கொடுங்கள். இவர் உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டாரா? நீங்கள் சொன்னதைக் கேட்டுத் தன் எண்ணத்தை எப்போதாவது மாற்றிக்கொண்டாரா? நள்ளிரவில் ஒரு துன்பம் வந்தால் இவரைக் கூப்பிடுவீர்களா? அந்தப் பதில்களுக்குத் தேர்வுத்தாளுக்கு நிகரான மதிப்பெண் கொடுங்கள்.