ராஸ் ஏரியில் கயாக், கரையில் கூடாரம்: முதல்முறை குழுவாகப் போகிறவர்களுக்கு

போன ஆகஸ்டில் சியாட்டலிலிருந்து எட்டுப் பேர், வட காஸ்கேட்ஸ் மலைக்குள் இருக்கும் ராஸ் ஏரிக்குக் கயாக் ஓட்டிப் போய் இரண்டு இரவு தங்கி வந்தோம். அதற்கு முந்தைய ஆண்டும் போயிருந்தோம். அந்த முறை திரும்பி வரும்போது கயாக்கை நேராக ஓட்ட முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. காரணம் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. கூடாரம் அடிப்பது, அடுப்பு பற்றவைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை இங்கே எழுதவில்லை.

எப்போது போவது, அனுமதி எப்படி

ராஸ் ஏரி இயற்கை ஏரி அல்ல. ஸ்காஜிட் ஆற்றின் குறுக்கே 540 அடி உயரத்துக்குக் கட்டிய ராஸ் அணை தேக்கிய நீர். நீளம் ஏறக்குறைய 23 மைல், வட முனை கனடாவுக்குள் போகிறது. மின்சாரத்துக்காக நீரைத் திறந்துவிடுவதால் குளிர்காலம் முடியும்போது மட்டம் வெகுவாக இறங்கி, கரையெல்லாம் சேறும் அடிமரக் கட்டையுமாக இருக்கும். பனி உருகி ஜூலை வாக்கில்தான் நிரம்பும். ஆகவே ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம்.

தங்குவதற்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். முன்பதிவு ஆன்லைனில் வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும். ஒரு பகுதி இடங்களை நேரில் வருகிறவர்களுக்கு ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு மார்பிள்மவுண்ட் ஊரில் உள்ள வனத் தகவல் மையத்துக்குப் போக வேண்டும். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது. என்னைக் கேட்டால் முதல்முறைக்கு எட்டே அதிகம். மார்பிள்மவுண்டிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வெகுதூரத்துக்குப் பங்க் கிடையாது, செல்போன் சிக்னலும் போய்விடும்.

வீட்டருகே ஒரு நாள் கவிழ்ந்து பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். ஆகஸ்டில்கூட அந்த நீர் மூச்சை இழுத்துப் பிடிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வசப்படாது. அடுத்த பத்து நிமிடம் மட்டும்தான் கை விரல்கள் சொன்னபடி கேட்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் திரும்ப ஏற வேண்டும்.

நாங்கள் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்மாமிஷ் ஏரியில் எட்டுப் பேரும் முறைவைத்துக் கவிழ்ந்தோம். விழுந்தவர் தன் கயாக்கையும் துடுப்பையும் விடக்கூடாது. உதவிக்கு வருபவர் கவிழ்ந்த படகின் முன்நுனியைத் தன் மடிமேல் குறுக்காக இழுத்துப் போட்டால் உள்ளே புகுந்த நீர் பெரும்பாலும் வடிந்துவிடும். பிறகு படகைத் திருப்பி நிமிர்த்தி, இரண்டு படகையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். விழுந்தவர் காலை உதைத்து, பின்பக்கத்தின் மேல் வயிறு படும்படி ஏறி, கால்களை உள்ளே விட்டுத் திரும்பி உட்காருவார். முதல் தடவை எங்களுக்கு ஏழு நிமிடம் ஆனது. நான்காவது தடவை இரண்டு நிமிடம். இரண்டு பேருக்கு அன்று ஏறவே வரவில்லை. அவர்களை இரட்டைக் கயாக்கில் பழகியவர்களோடு உட்காரவைத்தோம்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். 12 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் போட்டே ஆக வேண்டும். எங்கள் குழுவில் எல்லோரும் போட்டுக்கொள்வது விதி. காலடியில் கிடக்கும் ஜாக்கெட் யாரையும் மிதக்கவைக்காது. பருத்தித் துணியும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் காயவே காயாது.

சாமானை ஏற்றுவது: என்னைத் தடுமாறவைத்த இடம்

நம் கடற்கரை ஊர்களில் படகின் முன்பக்கத்தை அணியம், பின்பக்கத்தை அமரம் என்பார்கள். கயாக்குக்கும் அந்தச் சொற்கள் பொருத்தமாக இருப்பதால் அவற்றையே எழுதுகிறேன்.

முதல் ஆண்டு திரும்பும் நாள், என் கயாக்கின் அணியத்து அறையில் ஈரக் கூடாரம், இரும்பு தோசைக்கல், அடுப்பு, மீந்த அரிசி எல்லாம் போயிற்று. அமரத்தில் தூங்கும் பைகள் மட்டும். அடைத்து மூடி முடித்தபோது இடம் கச்சிதமாக அமைந்ததே என்று மகிழ்ச்சியாக இருந்தது. ராஸ் ஏரிக்குப் போகவர வழியாக இருக்கும் டயாப்லோ ஏரியில் மதியம் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. தண்டர் ஆர்ம் என்னும் கிளைக்குள் தெற்கே திரும்பியதும் காற்று வலப்பக்கத்திலிருந்து குறுக்கே அடித்தது. அந்த நொடியிலிருந்து கயாக் வலப்பக்கம், காற்றின் முகத்துக்கே, திரும்பிக்கொண்டே இருந்தது. நேராக்க வலக்கையால் மட்டும் அகலமாக வலித்து வலித்துத் தோள்பட்டை எரிந்தது. இடப்பக்கம் துடுப்பு போடவே வாய்ப்பில்லை. என் கையில் பலமில்லை என்றுதான் நினைத்தேன். அது தவறு.

நடந்தது இதுதான். அணியத்தில் பாரம் கூடினால் அது நீரில் ஆழமாகப் பதிந்து பிடித்துக்கொள்ளும். பாரமில்லாத அமரம் மேலே எழும்பி நிற்கும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். வால் ஒரு பக்கம் தள்ளப்பட்டால் தலை காற்றைப் பார்த்துத் திரும்பத்தானே செய்யும்! அமரத்தில் பாரம் மிகுந்தாலோ நேர்மாறாக, தலை காற்று போகும் திசையிலேயே திரும்பி ஓடும்.

இப்போது நான் ஏற்றும் முறை: கனமான எல்லாம் உட்காரும் இடத்துக்கு மிக அருகில், அடித்தட்டோடு ஒட்டி. அடுப்பு, அரிசி, பருப்பு, பாத்திரம் இருக்கைக்குப் பின்னாலுள்ள சுவரை ஒட்டி. கூடாரத் துணி அணியத்து அறையில், காலுக்குப் பக்கமாக. இரண்டு நுனிகளிலும் தூங்கும் பை, மாற்றுத் துணி போன்ற லேசானவை மட்டும். இடம் வலமும் சமமாக இருக்க வேண்டும்.

ஏற்றி முடித்ததும் முழங்கால் அளவு நீரில் ஆளோடு மிதக்கவிட்டு, இன்னொருவர் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு நுனியும் ஒரே மட்டம், அல்லது அமரம் அரை விரற்கடை தாழ்ந்திருந்தால் சரி. அணியம் தாழ்ந்திருந்தால் கரைக்கு வந்து மாற்றி அடுக்குங்கள். ஐந்து நிமிட வேலை. போன ஆண்டு ஆறு கயாக்கில் மூன்றை இப்படி மாற்றினோம், அதே தண்டர் ஆர்மை அதே குறுக்குக் காற்றில் எல்லோரும் நேராகக் கடந்தோம். ஸ்கெக் உள்ள கயாக் கிடைத்தால் அதையே வாடகைக்கு எடுங்கள். அமரத்தின் அடியிலிருந்து இறங்கும் அந்தச் சின்னத் தகடு, வாலைக் காற்று தள்ளாமல் பிடித்துவைக்கும்.

நீர் புகாத டிரை பேக் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: 5, 10 லிட்டர் பைகள் பத்து வாங்குங்கள், 35 லிட்டர் பை ஒன்று வேண்டாம். பெரிய பை அறையின் வாய்க்குள் நுழையாது, நுழைந்தாலும் சந்துபொந்தில் அடங்காது. குடிநீரைச் சுமக்கவே தேவையில்லை. ஏரி நீரை வடிகட்டிக் குடிக்கலாம்; ஆளுக்கு ஒரு வடிகட்டி போதும்.

போகும் வழி

அமெரிக்கப் பக்கத்திலிருந்து ராஸ் ஏரிக்கரை வரை கார் போகாது. நெடுஞ்சாலை 20 ஓரமாக இருக்கும் காலனியல் க்ரீக் முகாமில் முந்தின இரவு தங்கி, விடியும்போது டயாப்லோ ஏரியில் இறங்கினோம். பனியாறு அரைத்த பாறைத் தூள் கலந்து அந்த நீர் மயில்கழுத்து நிறத்தில் இருக்கும். கையால் அள்ளினால் நிறமே இல்லை. ஏறக்குறைய 5 மைல் ஓட்டினால், கடைசியில் பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கிவந்து ராஸ் அணையின் அடியில் படகுத்துறை வரும். அங்கிருந்து ராஸ் லேக் ரிசார்ட்டின் லாரி, படகுகளை மலைமேல் ஏற்றி ஏரியில் விடும். முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

இங்கே சாமானை இறக்கி மறுபடி அடுக்க வேண்டிவரும். ஐகியாவின் பெரிய நீலப் பை ஆளுக்கு இரண்டு கொண்டுபோனால் ஒரே நடையில் முடியும். நிரம்பிய கயாக்கை இருநுனி பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள், அடிப்பாகம் விரிசல் விடும்.

இரண்டு ஏரியிலும் காலையில் நீர் கண்ணாடிபோல் கிடக்கும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று ஏறும். ராஸ் ஏரியில் அது பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே அடிக்கும். வடக்கே போகும்போது முதுகில் தள்ளி உற்சாகப்படுத்தும் அதே காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். காலை ஆறரைக்கு நீரில், பதினொன்றரைக்குக் கரையில் என்பது எங்கள் கணக்கு. முதல்முறைக்கு இரண்டு இரவும் தங்க அணைக்கு அருகிலுள்ள க்ரீன் பாயின்ட் முகாமே போதும். நடு நாளில் பிக் பீவர் வரை வெறும் படகோடு போய் வரலாம்.

ஓட்டும்போது மெதுவானவர்தான் முன்னால். விசில் கேட்கும் தூரத்துக்கு அப்பால் யாரும் போகக்கூடாது. மூன்று ஊதல் என்றால் எல்லோரும் ஊதியவரிடம் திரும்ப வேண்டும். கரையோரமாகவே போங்கள்.

முகாமில் கரடிக்கு எட்டாத இரும்புப் பெட்டி இருக்கும். சோறு, புளிக்காய்ச்சல் மட்டுமல்ல. பெருங்காய டப்பா, பற்பசை, தேங்காய் எண்ணெய்ச் சீசா, கழுவாத கரண்டி, வாசனை உள்ள எதுவும் அதற்குள்தான். ஒருவர் தலையணைக்கடியில் எண்ணெய்ச் சீசாவை வைத்திருந்தார். இரவு பத்து மணிக்கு எழுப்பி வாங்கி உள்ளே வைத்தோம்.

பின்சேர்க்கை

படித்த இருவர் கேட்டவை. ஒன்று, காற்றடைத்த கயாக் போதாதா என்று. அது நீரின் மேலேயே நிற்பதால் சிறு காற்றுக்கும் நகரும். டயாப்லோ ஏரியில் ஒரு மணி நேரக் காலை ஓட்டத்துக்குப் போதும். முகாம் பயணத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது, காட்டுத்தீ. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 2023 கோடையில் சவர்டோ தீயால் நெடுஞ்சாலை 20 டயாப்லோ அருகே மூடப்பட்டது. கிளம்பும் முந்தின நாள் சாலை நிலவரமும் புகை நிலவரமும் பாருங்கள். பேக்கர் ஏரி போல மாற்று இடம் ஒன்றைக் குழு முழுதும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வைத்திருங்கள். விடுப்பு எடுத்துவிட்டோமே என்று புகைக்குள் எட்டுப் பேரை அழைத்துப் போக வேண்டாம்.