புள்ளி தெரிகிறதா பாருங்கள்: மானிட்டருக்குப் பதிலாக வி.ஆர். ஹெட்செட்

நான் மெய்ப்புத் திருத்துபவன். மேசையில் இரண்டு மானிட்டருக்கு இடமில்லாததால், கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டான மெட்டா குவெஸ்ட் 3 வாங்கினேன். கணினித் திரையை ஒரு செயலி வைஃபை வழியாக அதற்குள் காட்டும். முதல் நாளே சுற்றிலும் ஐந்து திரைகளை விரித்து ராஜா மாதிரி உட்கார்ந்தால், ‘பட்டு’ எல்லாம் ‘படடு’ ஆகியிருந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளியையே காணோம்.

கணக்குப் போட்டதும் புரிந்தது. 24 அங்குல முழு எச்.டி. மானிட்டரை 60 செ.மீ. தள்ளிப் பார்த்தால், கண்ணின் பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 40 பிக்சல் கிடைக்கும். குவெஸ்ட் 3 தருவது ஏறக்குறைய 25. பெட்டியில் போட்டிருக்கும் 2064×2208 ஒரு கண்ணுக்குத் தெரியும் மொத்தப் பரப்புக்கும் உரியது. நாம் விரிக்கும் திரைக்கு அதில் ஒரு பங்குதான். 1920 பிக்சல் அகலத் திரையை முழுத் தெளிவோடு பார்க்க அதை 77 டிகிரிக்கு விரிக்க வேண்டும், அதாவது கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும்.

அதனால் ஒரே திரை போதும். கணினியின் ரெசல்யூஷனை 1280×720-க்கு இறக்குங்கள், திரையை 50 டிகிரி அளவுக்கு வையுங்கள். இடம் குறைவுதான், ஆனால் புள்ளி திரும்பி வரும். இரண்டாவது திரை வேண்டுமென்றால் அகராதி, அரட்டை மாதிரி எப்போதாவது எட்டிப் பார்ப்பதற்கு மட்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். சினிமாக் கொட்டகை மாதிரி உயரத்தில் மாட்டி இரண்டு நாள் கழுத்து வலியோடு அலைந்தவன் சொல்கிறேன்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைச் சரிசெய்யுங்கள். கண்ணாடிக் கடையில் கேட்டால் மில்லிமீட்டரில் அளந்து சொல்வார்கள். ஹெட்செட்டின் சக்கரத்தை அந்த எண்ணுக்குத் திருப்புங்கள். பிறகு ஹெட்செட்டை மேலும் கீழும் நகர்த்தி, நடுவில் உள்ள எழுத்து கூர்மையாகும் இடத்தில் பட்டையை இறுக்குங்கள்.

மூக்குக் கண்ணாடியோடு மாட்டாதீர்கள். நான் மாட்டி லென்ஸில் கீறல் போட்டேன். பவர் லென்ஸ் தனியாகச் செய்து உள்ளே பொருத்தலாம். படிக்கும் கண்ணாடியின் பவரைக் கொடுத்துவிடாதீர்கள். திரை எவ்வளவு கிட்டே தெரிந்தாலும் கண் குவிவது ஒரு மீட்டருக்கு அப்பால்தான்.

கணினியை ரூட்டரோடு கேபிளில் இணைத்து, ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விடுங்கள். பக்கத்தை உருட்டும்போது எழுத்து இழுபட்டால், திரையை அனுப்பும் அந்தச் செயலியின் அமைப்பில் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) கூட்டிப் பாருங்கள்.

எடை 515 கிராம், பெரும்பாலும் முகத்தில்தான். பின்பக்கம் பேட்டரி உள்ள பட்டை மாட்டினால் பாரம் சமமாகும். தானாக இரண்டு மணி நேரம் ஓடும் கருவிக்கு அதுவே கூடுதல் தெம்பும் கொடுக்கும்.

விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கத் தெரியாதவர்கள், கேமரா வழியாக அறையைக் காட்டும் வசதியை மேசைப் பக்கம் மட்டும் திறந்து வையுங்கள். தண்ணீருக்கு மூடி போட்ட பாட்டில்தான். கழற்றி வைக்கும்போது லென்ஸ் ஜன்னலைப் பார்க்கக் கூடாது. வெயில் பட்டால் அது பூதக்கண்ணாடியாகி உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

நான் முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றுகிறேன். கடைசி மெய்ப்பை மட்டும் இன்னும் காகிதத்தில்தான் பார்க்கிறேன்.