கொடுங்கையூர்ப் புகையா, எண்ணூர்ச் சாம்பலா? செயற்கைக்கோள் படத்தில் பிரித்தறியும் வழி

வட சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் தீ என்று தகவல் வந்தால், படத்தைத் திறக்கும் முன் மணியைப் பாருங்கள். வெயில் காலத்தில் காலையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று. கொடுங்கையூர்ப் புகை தண்டையார்பேட்டை பக்கம் போகும். நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறியதும் அதே புகை மாதவரம் பக்கம் திரும்பிவிடும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 நம் ஊரைக் கடப்பது காலை பத்தரையை ஒட்டி. தீயின் வெப்பத்தைப் பதியும் வியர்ஸ் கருவியைச் சுமக்கும் நோவா-20, நோவா-21 செயற்கைக்கோள்கள் இரண்டும் மதியம் ஒன்றரையை ஒட்டி. இரண்டு படத்தில் புகை எதிரெதிர்த் திசையில் தெரிந்தால் தீ இரண்டு என்று எழுதிவிடாதீர்கள். படத்தில் போட்டிருக்கும் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் தீ இருக்கும் இடங்களைப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் இணைய வரைபடம். வியர்ஸ் 375 மீட்டர் அடுக்கை மட்டும் போடுங்கள். மோடிஸ் என்ற பழைய கருவியின் 1 கிலோமீட்டர் கட்டம் இந்த வேலைக்குப் பெரிது. செயற்கைக்கோள் கடந்து மூன்று மணி நேரத்துக்குள் புள்ளி வந்துவிடும். புள்ளி விழுவது கட்டத்தின் நடுவில்; தீ அந்தக் கட்டத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். ஆகவே புள்ளியை வைத்துத் தெருப் பெயர் சொல்லக் கூடாது. சுத்திகரிப்பு ஆலையின் எரிவாயுச் சுடர், சூடேறிய ஆலைக் கூரை இவையும் புள்ளியாக விழும். முந்தைய ஒரு மாதத்தைப் போட்டுப் பாருங்கள்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்திருந்தால் அது பெரும்பாலும் ஆலைச் சூடுதான். புள்ளியே இல்லை என்றால் தீ இல்லை என்றும் ஆகாது. குப்பைத் தீ மேலே கொழுந்துவிடாமல் உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும், மேகமும் மறைக்கும்.

அடுத்தது கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் சென்டினல்-2 படம். கணக்கு இலவசம், ஆனால் படம் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான். இயல்பு நிறப் படத்தையும், சிவப்புக்கு பி12, பச்சைக்கு பி11 (இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலைப் பட்டைகள்), நீலத்துக்கு பி4 (சிவப்பு ஒளிப் பட்டை) என்று நாமே அமைத்த படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிரிப்பு வேலை நடப்பது இங்கேதான். புகைத் துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பி12-இன் நீண்ட அலை அதை ஊடுருவிவிடுவதால் இரண்டாவது படத்தில் புகை கரைந்துபோய், அடியில் எரியும் இடம் ஆரஞ்சாகத் தெரியும். புழுதியின் பருத்த துகள்கள் அவ்வளவு எளிதில் மறையாது. மேகமும் மறையாது, ஆனால் அதன் நிழல் பக்கத்திலேயே தரையில் விழுந்திருக்கும்.

சாம்பலுக்கு, எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் செப்பாக்கம் சாம்பல் குளத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈரமான பகுதி கறுத்திருக்கும், காய்ந்த பகுதி வெளிறியிருக்கும். பறப்பது காய்ந்த பகுதிதான். மெல்லிய சாம்பல் நிலத்தின் மேல் பறக்கும்போது படத்தில் பிடிபடாது, தரை நிறத்தோடு கலந்துவிடும். அதனால் குளம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, அன்று காற்று எந்தப் பக்கம் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் ஊகிக்க முடியும். கடலின் மேல் பளபளப்பு தெரிந்தால் அது சூரிய ஒளியின் எதிரொளிப்பாக இருக்கலாம். அதைப் புழுதி என்று எண்ணி ஏமாறுபவர்கள் நிறைய.

காற்றில் மிதக்கும் துகளைக் காட்டும், ட்ரோப்போமி என்ற செயற்கைக்கோள் கருவியின் ஏரோசால் குறியீட்டை இந்த ஊருக்கு வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு கட்டமே 5.5க்கு 3.5 கிலோமீட்டர், தரையை ஒட்டிய புகை அதில் சரியாகப் பதிவதும் இல்லை. பிப்ரவரி முதல் மே வரை கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டுத்தீயின் புகை உயரத்தில் மிதந்து வருகிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

கடைசியில் தரைக் கருவி. கொடுங்கையூர், மணலி, ராயபுரம் காற்றுத் தர நிலையங்களின் அளவை மணிவாரியாக எடுங்கள். பிஎம்2.5 என்பது 2.5 மைக்ரான் வரையான நுண்துகள்; பிஎம்10 என்பது அதையும் சேர்த்து 10 மைக்ரான் வரையான துகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினால் பெரும்பாலும் புகை, பிஎம்10 அதைவிட மிக அதிகமாக ஏறினால் பெரும்பாலும் புழுதி அல்லது சாம்பல்.

போகிக்கு இந்த வழி உதவாது. விடியலுக்கு முன்பே எரித்து முடித்துவிடுகிறார்கள், முதல் தெளிவான படம் பத்தரைக்கு. அன்று இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்டின் அரைமணிப் படங்களைச் சூரியோதயத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். பனியும் புகையும் ஒரே சாம்பல் நிறம். வெயில் ஏறியும் கலையாதது எதுவோ அதைத்தான் புகை என்று சந்தேகிக்கலாம்.

புகார் மனுவில் வெறும் ஸ்கிரீன்ஷாட் வைக்காதீர்கள். எந்தச் செயற்கைக்கோள், எந்த அடுக்கு, இந்திய நேரம் எத்தனை மணி என்று எழுதி, தேதியும் இடமும் பதிந்த இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.